ஆற்றைத் தொலைத்த ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமாகி அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்த புதிதில் எனக்கும் அவருக்கும் சண்டையே வந்ததில்லை. கேட்கிறவர்களுக்கு இது பெருமையாகத் தெரியும். எனக்கும் அப்போது அப்படித்தான் தெரிந்தது. உண்மை என்னவென்றால், சண்டை போடுகிற அளவுக்கு எங்களுக்குள் இன்னும் பழக்கம் ஏற்பட்டிருக்கவில்லை.

அவர் பொள்ளாச்சிப் பக்கம். நான் கோபிசெட்டிபாளையம். பெண் பார்க்க வந்தபோது ஒரு முறை பார்த்தேன், நிச்சயத்தின்போது இன்னொரு முறை. நடுவில் அமெரிக்காவிலிருந்து போன் பண்ணினால், "சாப்டாச்சா?" "ஆச்சுங்க, உங்களுக்கு?" என்பதற்கு மேல் பேச்சு நகராது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கடைசியில் கல்யாணம் முடிந்து நான் எச்-4 விசாவில் வந்து இறங்கினேன். ஊரில் ஒரு காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், இங்கே வேலைக்குப் போக அனுமதி இல்லாமல், கார் ஓட்டவும் தெரியாமல், எல் கமினோ ரியல் என்கிற பெரிய சாலைக்குப் பின்னால் ஒரு அபார்ட்மெண்டில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் கம்பெனி ஷட்டில் பஸ்ஸில் போய்விடுவார். நான் சமைப்பேன், துடைத்ததையே மறுபடி துடைப்பேன், பால்கனியில் போய் நின்று தண்டவாளத்தில் ரயில் போவதைப் பார்ப்பேன்.

சாயங்காலம் வந்ததும் கேட்பார். "வெளிய போலாமா? தோசை சாப்பிடலாமா, பீட்சா சாப்பிடலாமா?"

"உங்க இஷ்டமுங்க."

"படத்துக்குப் போலாமா?"

"உங்க இஷ்டமுங்க."

நல்ல மனைவி அப்படித்தான் பதில் சொல்வாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாக முடிவு பண்ணிக்கொண்டது.

அடுத்த வருஷக் கோடையில் ஒரு நாள் வந்து, "ஜெர்மனியில ஒரு ப்ராஜெக்ட். மூணு மாசம். நீயும் வர்றியா?" என்று கேட்டார். அதற்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, டிக்கெட் புக் பண்ணிர்றேன்" என்று சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினார்.

நாங்கள் போனது பெர்லின் மாதிரிப் பெரிய ஊருக்கு இல்லை. பிளாக் ஃபாரஸ்ட் என்கிற மலைக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஊருக்கு வெளியே மெஷின் பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில்தான் அவருக்கு வேலை. அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மாவின் வீட்டில் மாடி எங்களுக்கு. அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். எனக்கு ஜெர்மன் அதுவும் இல்லை.

போன அன்றைக்கே ஒரு கூத்து. சன்னிவேலிலிருந்து ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைத்து அத்தனை பத்திரமாகக் கொண்டுவந்திருந்தேன். அடாப்டர் மாட்டி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம், பிறகு புகை. அங்கே கரண்ட் அமெரிக்காவைவிட இரண்டு மடங்கு வோல்டேஜ். பிசிக்ஸ் லெக்சரருக்கு அது ஞாபகம் வரவில்லை. வீட்டுக்கார அம்மா மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். குக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கீழே போய் ஒரு கனத்த இரும்புப் பாத்திரத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மூன்று மாசமும் அதில்தான் சோறு வடித்தேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பொழுது எப்படிப் போக்குவது என்று தெரியவில்லை. கடை ஒன்றும் திறந்திருக்காது. சரி, வீட்டு வேலையாவது பார்ப்போம் என்று அவர் காலி பாட்டில்களைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனார். அங்கே பாட்டில் போடுவதற்கென்று ஒரு பெரிய இரும்புத் தொட்டி. இவர் ஒவ்வொன்றாகப் போட, தெரு முழுக்கக் கணீர் கணீரென்று கேட்டது. எதிர் வீட்டில் ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது. எங்கள் வீட்டுக்கார அம்மா செருப்போடு ஓடிவந்து, "சோன்டாக்! சோன்டாக்!" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாதாம். பாட்டில் போடக் கூடாது, துணி காயப்போடக் கூடாது, புல்வெட்டி ஓட்டக் கூடாது.

"அப்ப என்னதான் பண்றது?" என்று அவர் இங்கிலீஷில் கேட்டார்.

அந்த அம்மா இரண்டு விரலைக் கால் மாதிரி வைத்துக் காற்றில் நடந்து காட்டினார். பிறகு காட்டைக் கை காட்டினார்.

அப்படித்தான் நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். அந்த அம்மாவின் மகள் விட்டுப்போன பழைய நடை பூட்ஸ் எனக்குச் சரியாக இருந்தது. சுடிதாரின் மேல் ஸ்வெட்டர், கீழே கறுப்பு பூட்ஸ். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வந்தது. முதல் வாரம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வர, நடுவில் ஓடை குதித்துக் குதித்து இறங்கும். ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டிப் போக மரப்பாலங்கள். பாறையெல்லாம் பாசி. கையை வைத்தால் ஈரக் கம்பளியைத் தொட்டது போல இருக்கும். மரங்களில் மஞ்சள் நிறத்தில் சாய்சதுரமாக ஒரு தகடு அடித்திருப்பார்கள். அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி தப்பாது.

அந்த நடையில்தான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். சன்னிவேலில் அவர் கார் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்த எக்ஸிட், எந்தத் திருப்பம் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். இங்கே மேப்பை விரித்தால் அவருக்கு வடக்கு எது தெற்கு எது என்றே புரியவில்லை. கையில் தலைகீழாக வைத்துக்கொண்டு, "இந்த சர்ச் ஏன் அந்தப் பக்கம் இருக்குது?" என்று கேட்கிறார். நான் வாங்கித் திருப்பிப் பிடித்தேன். அதற்குப் பிறகு மேப் என் கைக்கே வந்துவிட்டது.

செப்டம்பரில் பெரிய பள்ளத்தாக்குக்குப் போனோம். வூட்டாக் என்று ஒரு ஆறு. பெயருக்குக் கோபக்காரத் தண்ணீர் என்று அர்த்தம் என்று அவருடைய ஆபீஸில் சொன்னார்களாம். மலையை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆறு அது. வாரக்கடைசியில் நடப்பவர்களுக்கென்றே ஒரு பஸ் உண்டு. மேலே ஒரு பழைய மில் பக்கம் இறக்கிவிடும். ஆற்றோடு நடந்து கீழே இன்னொரு மில்லுக்குப் போனால், சாயங்காலம் அங்கிருந்து ஏற்றிக்கொள்ளும். வீட்டுக்கார அம்மா மேப்பில் ஆற்றின் நீலக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டி, தண்ணீர் போகிற திசையிலேயே போனால் போதும் என்று சைகையில் சொல்லிவிட்டார். அதைவிட எளிதாக ஒரு வழி இருக்க முடியாது என்று நினைத்தேன்.

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஆற்றங்கரை முழுக்க சேப்பங்கிழங்கு இலை மாதிரி, ஆனால் குடை அளவுக்கு இலைகள். ஒன்றைப் பறித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டேன். அவர் போட்டோ எடுத்தார். கல்யாண ஆல்பத்தை விட்டால் நான் பல் தெரியச் சிரித்த முதல் போட்டோ அதுதான். கல்யாண ஆல்பத்தில் சிரித்ததும் போட்டோக்காரர் சொல்லித்தான்.

கொஞ்ச தூரத்தில் பாதை ஆற்றை விட்டு மேலே ஏறியது. செங்குத்தான பாறையில் வெட்டிய ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஒன்றுமே இல்லை. ஆறு எங்கோ அடியில். சுவரோடு பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பிக்கயிறு கட்டியிருந்தார்கள். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பாறையில் ஒட்டி நிற்கிறார். ஹைவே 101-இல் ஒரு கையால் ஸ்டீயரிங் பிடித்து, மறு கையால் காபி குடிக்கிற மனுஷன்.

"என்னுங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. நீ போ. நான் வர்றேன்."

"கீழ பாக்காதீங்க."

"நான் கண்ணையே தொறக்கலை."

"கண்ணை மூடிட்டா நடக்கறீங்க?"

"முருகன் பாத்துக்குவான்."

திரும்பி வந்து அவர் கையைப் பிடித்தேன். வெளியிடத்தில் நானாக அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. உள்ளங்கை வியர்த்து ஊறியிருந்தது. "இப்ப வலது கால். ஒரு கல் இருக்குது, ஏறுங்க. இப்ப இடது கால்" என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். எதிரே வந்த ஒரு கூட்டம் ஒதுங்கி நின்று வழிவிட்டது. அவர்கள் என்னவோ வணக்கம் சொன்னார்கள். கண்ணைத் திறக்காமலே அவரும் பதில் வணக்கம் சொன்னார். பாதை இறங்கி மறுபடி ஆற்றுக்குப் பக்கத்தில் வந்ததும், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி பண்ணினார்.

சாப்பிட்ட பிறகும் அவருக்கு மேட்டுப் பாதையின் மேல் இருந்த பயம் போகவில்லை. "ஆத்துக்குள்ளயே கல்லு மேல நடந்து போலாமே, தண்ணி கொஞ்சமாத்தானே இருக்குது" என்றார். மழை இல்லாத சமயம். ஆறு மெலிந்துபோய், பெரும்பாலும் வெறும் கல்லாகத்தான் கிடந்தது. எனக்கும் அது நல்ல யோசனையாகத் தோன்றியது. மஞ்சள் தகடு இருக்கிற பாதையை விட்டு ஆற்றுக்குள் இறங்கினோம்.

கல்லுக்குக் கல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது தண்ணீரின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் கவனிக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது குட்டை குட்டையாக ஆனது. குட்டைகளும் சின்னதாயின. ஒரு திருப்பத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டோம். முன்னால் வெள்ளை வெள்ளையாகக் காய்ந்த கற்கள் மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊரில் கோடைகாலத்து ஓடை எப்படி இருக்குமோ அப்படி. அரை மணி நேரத்துக்கு முன்னால் சத்தத்தோடு ஒரு ஆறு எங்களோடு வந்துகொண்டிருந்தது.

"ஆறு எங்க?" என்றார்.

"தெரியலீங்க."

"வேற ஏதோ ஓடைக்குள்ள வந்துட்டோம். மேப்பை யார் வச்சிருந்தது?"

"நான்தான் வச்சிருக்கேன். ஆறு காணாம போனா நானா பொறுப்பு?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவரும் கொஞ்சம் அதிர்ந்துதான் பார்த்தார். ஆனால் நிறுத்தவில்லை.

"பின்ன? நீதானே முன்னால போனே?"

"ஆத்துக்குள்ள இறங்கலாம்னு சொன்னது யாருங்க? நானா?"

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்ல? நீ எதைத்தான் வேண்டாம்னு சொல்லியிருக்கே? தோசையான்னா உங்க இஷ்டம், பீட்சாவான்னா உங்க இஷ்டம். அமெரிக்கா வந்து இத்தனை மாசத்துல உனக்கு என்ன வேணும்னு ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது!"

"நீங்க தோசை பீட்சாவைத் தவிர என்ன கேட்டீங்க? வேலையை விட்டுட்டு வந்தேனே, அது எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களா? நாள் பூரா ஒரு ஆளோட பேசாம அந்தப் பால்கனியில நிக்கறனே, அதைக் கேட்டீங்களா?"

இருபுறமும் உயர்ந்த பாறை. நாங்கள் சொன்னதெல்லாம் எதிரொலித்துத் திரும்பி வந்தது. என்னுடைய "கேட்டீங்களா" என் காதிலேயே இரண்டாவது முறை விழுந்தது.

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"பாத்தேன். நீ பால்கனியில நிக்கறதை. ஷட்டில் விட்டு இறங்கி வரும்போது தினமும் கீழ இருந்து பாப்பேன். கார் இல்லாம எங்கயும் போக முடியாத ஊர்ல உன்னைக் கொண்டாந்து வச்சுட்டமேன்னு இருக்கும். இந்த ப்ராஜெக்ட்டுக்கு யாரும் வர மாட்டேன்னுட்டாங்க. நான்தான் மேனேஜர்கிட்ட போய்க் கேட்டு வாங்கினேன். சின்ன ஊரு, நடந்தே எங்க வேணாலும் போகலாம்னு சொன்னாங்க. உனக்குப் பிடிக்கும்னு நினைச்சேன்."

கம்பெனி அனுப்பியது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"ஏங்க சொல்லலை?"

"சொன்னா நீ என்ன சொல்லியிருப்பே?"

யோசித்துப் பார்த்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இரண்டு பேருக்கும் தெரியும். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்ததா, எனக்கு வந்ததா என்று ஞாபகமில்லை. ஆனால் வயிறு வலிக்கச் சிரித்தோம். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது சிரிப்பால் மட்டும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, கீழ்ப்பக்கமிருந்து ஒரு பெரியவர் கற்களின் மேல் நிதானமாக ஏறி வந்தார். கூடவே ஒரு பெரிய பழுப்பு நாய். நாங்கள் கத்தியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். தள்ளியே நின்று, இங்கிலீஷில் ஒவ்வொரு வார்த்தையாக, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

"ஆமாம், ஆற்றை" என்றார் இவர்.

அந்த மனிதருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு காலடியில் இருந்த பாறையைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார். இங்கெல்லாம் சுண்ணாம்புப் பாறை, உள்ளே முழுக்க ஓட்டையும் விரிசலும், வறண்ட மாசங்களில் ஆறு மொத்தமும் அதற்குள் இறங்கி பூமிக்கடியில் போய்விடும், கீழே மறுபடி வெளியே வரும் என்று சொன்னார். நாங்கள் வழி தவறவே இல்லை.

"என்னோடு வாருங்கள்" என்று திரும்பி நடந்தார். நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் சலசலவென்று கேட்டது. பாறைச் சுவரின் அடியில், பொந்து பொந்தாக இருந்த இடத்திலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடி மாதிரி. பூட்ஸைக் கழற்றிக் காலை வைத்தேன். அந்தக் குளிரில் பல் கிட்டிப்போனது. அவரும் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, "அய்யோ" என்று கத்தினார். பெரியவர் கரையில் நின்று, தானே செய்து காட்டிய வித்தை மாதிரி எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சண்டையிலும் சிரிப்பிலும் நேரம் போய், மில்லுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்கால பஸ் கிளம்பிப் போயிருந்தது. பெரியவரின் மனைவி அவரைக் கூட்டிக்கொண்டு போகக் காரோடு வந்திருந்தார். எங்களையும் ஏறச் சொன்னார்கள். சின்னக் கார். பின் சீட்டில் நான், என் வீட்டுக்காரர், நாய். அவருக்கு உயரம் மட்டுமல்ல, நாயும் பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நாய்க்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. மடியில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. வீடு வரும்வரைக்கும் கையை இரண்டு பக்கமும் தூக்கி வைத்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த புளிசாதத்தை டப்பாவோடு அந்தத் தம்பதிக்குக் கொடுத்தேன். அடுத்த வாரம் டப்பா திரும்பி வந்தது. அதில் பிளம்ஸ் பழ கேக்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் நாங்கள் வீட்டில் இருக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாகப் போனோம். மழையில் நனைந்தோம். ஒரு தடவை மாட்டு மந்தைக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். எந்த வழி, எங்கே சாப்பாடு, எப்போது திரும்புவது என்று ஒவ்வொன்றுக்கும் வாய்ச்சண்டை. கிளம்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு இடத்தில் இரும்பு ஏணி ஏற வேண்டியிருந்தது. அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஏறினார். மேலே போய், யாரோ பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்பது போலச் சுற்றிப் பார்த்தார். நான் கை தட்டினேன்.

சன்னிவேலுக்குத் திரும்பிய அந்த வாரமே சொன்னேன். "நான் டிரைவிங் கத்துக்கணும்."

"நான் சொல்லித் தர்றேன்."

"நீங்க வேண்டாம். கிளாஸ்ல சேத்து விடுங்க."

முதல் டெஸ்டில் ஸ்டாப் சைனில் முழுசாக நிற்கவில்லை என்று ஃபெயில் பண்ணிவிட்டார்கள். இரண்டாவதில் பாஸ். லைசென்ஸ் வந்ததும், எங்கள் காம்ப்ளெக்ஸில் என்னைப் போலவே எச்-4 விசாவில் உட்கார்ந்திருந்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி காயல்பட்டினம், ஒருத்தி மதுரை, ஒருத்தி ஆந்திராக்காரி. அவர்களுடைய குழந்தைகளை டேகேரிலோ ஸ்கூலிலோ விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு நாள் மலைப்பக்கம் கிளம்பிவிடுவோம். மதுரைக்காரி செருப்போடுதான் முதலில் வந்தாள். காயல்பட்டினத்துக்காரி பிரியாணி கொண்டுவருவாள், ஆகவே அவள் வராத வாரம் யாருக்கும் நடக்கத் தெம்பு இருக்காது.

ஒரு வியாழக்கிழமை ரெட்வுட் மரங்களுக்கு நடுவில் ஒரு ஓடையோடு ரொம்ப தூரம் போய்விட்டோம். டிராஃபிக்கில் மாட்டி நான் வீட்டுக்கு வந்தபோது அவர் எனக்கு முன்னால் வந்திருந்தார். ரசம் வைத்திருந்தார். உப்பு இல்லை. பூட்ஸில் இருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் லீவு போட்டுட்டு நானும் வரட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாமுங்க. இது எங்க குரூப். நீங்க சனிக்கிழமை வாங்க."

"சனிக்கிழமை எங்க போறோம்?"

நான் ஏற்கெனவே முடிவு பண்ணி வைத்திருந்தேன். ரசத்தில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இடத்தைச் சொன்னேன்.